கங்காணிக்கு ஆள் தேடிய ஏழு நாள்

இப்போதுள்ள ஆட்களுக்கு ஒரு சீவன் வீட்டுக்கு வருகிற அன்று இருக்கிற சிரிப்பு அடுத்த மாதம் இருப்பதில்லை. நாய்க்குட்டியை வாங்குவார்கள், மடியில் வைத்துப் படம் எடுப்பார்கள், நாலு பேருக்கு அனுப்புவார்கள். அது வளர்ந்து குரைக்கத் தொடங்கினால் பைக்கில் வைத்துக் கொண்டுபோய் ஏதாவது பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவார்கள். புதுக்கடைச் சந்தைக்குப் பின்னால் மட்டும் அப்படி இறக்கிவிட்ட நாய்கள் ஒன்பது நிற்கின்றன. மீன் தொட்டி வாங்கியவன் இன்று அதில் கொசு வளர்க்கிறான். முயல் வாங்கிய ஒருத்தன் அதைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, "குஞ்சுல பாக்க நல்லா இருந்துது" என்கிறான். குஞ்சில் எதுதான் நன்றாக இருக்காது? அவனே குஞ்சில் நன்றாகத்தான் இருந்திருப்பான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஆசையாக வளர்க்கிறேன் என்று எவன் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

என் பெயர் பகவதியப்பன். வயது எழுபத்திரண்டு. புதுக்கடைச் சந்தையில் நாற்பது வருஷம் வாழைக்குலை வாங்கி விற்றவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் குலை கொண்டுவருகிறவன் பொய் சொல்லப் போகிறானா என்பது அவன் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கல் வைத்துப் பழுக்கவைத்த குலையைத் தொடாமலே சொல்லிவிடுவேன். இந்தக் குணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டு ரெனிஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த சேலையோடு என் வீட்டுப் படியில் வந்து நின்றாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு. தகப்பன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் அவளும் அம்மா ராகேலும்தான்.

"மாமா, எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். ஒரு ஏழு நாளு, காலத்த பத்து மணிக்கு எனக்க வீட்டுல வந்து சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கதுக்கு ஒனக்க வீட்டுக்கு என்னத்துக்கு வரணும்? எனக்க வீட்டுலயே இருந்துக்கிடலாமே."

"கங்காணிய கொண்டு போறதுக்கு ஆளுவ வாறாவ. எனக்கு மனுசன பாத்து சொல்லத் தெரியாது. நீங்க பாத்தா சொல்லிருவிய."

கங்காணி என்பது அவள் ஐந்து வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கும் ஓணான். எங்கள் பேச்சில் ஓந்தான். ஆனால் நம் ஊர் வேலியில் தலையாட்டிக்கொண்டு நிற்கிற சாதி அல்ல. ஆஸ்திரேலியா பாலைவனத்துச் சாதியாம். பெங்களூரில் எவனோ கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்தது. அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதம் உண்டு. முதலில் சாமுவேல் என்றுதான் பெயர் வைத்தாளாம். "வேதத்துல உள்ள பேர ஓந்தானுக்கு வைப்பியாட்டி?" என்று ராகேல் குதித்த குதியில், தோட்டத்தில் ஆளை மேய்க்கிற மேஸ்திரி மாதிரி இருக்கிறது என்று தகப்பன் கங்காணி என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

ரெனிஷாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை விமானம். தகப்பன் சீக்காகக் கிடந்தபோது இதுபோல் வந்த ஒரு வேலையை விட்டவள். இதையும் விட்டால் இனி ஏஜண்டு கூப்பிடமாட்டான். ஓணானை அங்கே கொண்டுபோக முடியாது. ராகேல் அஞ்சுகிராமத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள். அங்கே பூனை மூன்று.

"ஆளு கிடைக்கல்லேன்னா?" என்று கேட்டேன்.

"கிடைக்கல்லேன்னா நான் போகல்ல."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராகேல் கத்தினாள். "கேட்டியளா அண்ணே? ஒரு ஓந்தானுக்காவ அயர்லாந்து வேண்டாமாம்! இவளுக்குப் படிப்பு ஏறினதுக்கு ஆட்டுக்கு ஏறியிருக்கலாம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. "ஏட்டி, அத கொண்டு ஏதாவது ரப்பர் தோட்டத்துல விட்டுட்டுப் போ. பிழைச்சுக்கிடும்."

"பிழைக்காது மாமா. நம்ம ஊரு மழை அதுக்கு ஆகாது. காகம் வந்தா ஓடணும்னு தெரியாது. அதுக்கு நேரே இதுவரை ஒருத்தரும் கல்லெடுத்தது இல்ல. அஞ்சு வருஷமாட்டு 'பயப்படாண்டாம், பயப்படாண்டாம்'னு சொல்லிக் குடுத்தது நான்தானே. பயத்தையும் எடுத்துப்போட்டு, இப்ப வெளியிலயும் கொண்டு விட்டா எப்பிடி?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனேன். வாசல்படி ஏறும்போதே கை தானாக வேட்டியை மேலே ஏற்றித் தொப்புளை மூடிக் கட்டியது. எங்கள் பக்கத்தில் சின்ன வயதில் ஓணானைக் கண்டால் முதலில் தொப்புளைத்தான் பொத்துவோம். அது தூரத்தில் இருந்துகொண்டே தொப்புள் வழியாகச் சோரையை, அதாவது ரத்தத்தை, உறிஞ்சும். அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்று சொல்லித் தந்திருந்தார்கள். அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தும் ஐந்து வருஷம் நான் அதன் முன்னால் போய் நிற்காததற்கு வேறு காரணம் கிடையாது.

ரெனிஷா பார்த்துவிட்டாள். "மாமா, அது கீரை தின்னுக சீவன்."

"கீரை தின்னுகவன் சோர குடிக்கமாட்டான்னு ஆரு சொன்னா?"

பெட்டி ஒரு ஆள் படுக்கிற நீளம். மேலே இரண்டு விளக்கு, ஒன்று சூட்டுக்கு, ஒன்று வெயிலுக்குப் பதில். விளக்குக்குக் கீழே கல். கல்மேல் கங்காணி வயிற்றைப் பரத்தி, முன்காலை ஊன்றி, தலையைத் தூக்கி இருந்தது. தலை முதல் வால்வரை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். காய்ந்த வாழைச்சருகின் நிறம். பக்கவாட்டில் காவி ஓடியிருந்தது. இரண்டு விலாவிலும் முள் வரிசை. முள் என்று நினைத்தேன். பிற்பாடு தொட்டபோது அது துணி மாதிரி மெத்தென்று இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. சந்தையில் என்னை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தன் பார்வையிலும் ஒரு விலை இருக்கும். இதன் பார்வையில் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரெனிஷாவின் சட்டம் இது: ஓணானைக் கேட்டு வருகிறவர்கள் ஏழு நாள் தொடர்ந்து பத்து மணிக்கு வரவேண்டும். கீரை அரியவேண்டும், பெட்டி துடைக்கவேண்டும், கையில் எடுக்கவேண்டும். ஏழாம் நாளும் வருகிறவருக்குத்தான் கங்காணி. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். முருங்கை இலை, மத்தங்காய் என்கிற பூசணி, செம்பரத்திப் பூ. வாளியில் வளர்க்கிற பூச்சி மட்டும் கொடுக்கவேண்டும். வெளியில் பிடிக்கிற பூச்சி கூடாது, மருந்தடித்த தோட்டத்ததாக இருக்கும். இது மெய். எவன் தோட்டத்தில் எத்தனை தடவை மருந்து அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு நர்சுப் பிள்ளை அதை யோசித்திருக்கிறாளே என்று எனக்கு மதிப்பாக இருந்தது.

தாளின் கடைசி வரியில் மதிப்பு கொஞ்சம் குறைந்தது. 'வாழைப்பழம் வேண்டாம்.'

"ஏன் வேண்டாம்? நம்ம ஊருல பிள்ளைக்கு முதல்முதலா குடுக்கதே மட்டிப்பழந்தான். பச்சைப்பிள்ளைக்கு ஆகும், இதுக்கு ஆகாதா?"

"எப்பவாவது ஒரு நகத்தளவு தின்னா ஒண்ணும் செய்யாது மாமா. தெனமும் குடுத்தா வயிறு கெடும், எலும்பு பெலன் போவும்."

நாற்பது வருஷம் மட்டிக்குலை விற்றவனுக்கு இருபத்தெட்டு வயதுப் பிள்ளை பழத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறாள்.

முதலில் வந்தவன் அனில்குமார். ஜங்ஷனில் போன் கடை வைத்திருக்கிறவன். உள்ளே வரும்போதே போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

"எனக்க கடையில முன்னால கண்ணாடிக்குள்ள வச்சா ஆளு கூடும் மாமா. வீடியோ போட்டா ஒரே நாளுல பத்தாயிரம் பேரு பாப்பான்."

"ஆளு கூடுகதுக்கு ஓந்தான் என்னத்துக்கு? ஒனக்க மூஞ்சியே போதுமே" என்றேன்.

ரெனிஷா கையில் எடுக்கச் சொன்னாள். அவன் மேலே இருந்து கையைப் போட்டு முதுகோடு சேர்த்து அள்ளினான். கங்காணி வாயைப் பிளந்து, கழுத்தை ஊதியது. கழுத்து முழுக்க, தாடி வைத்த மாதிரி கறுத்தது. நான் ரத்தம்தான் ஏறுகிறது என்று நினைத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அனில்குமார் கையை உதறினான். நல்லவேளை, கல்மேல்தான் விழுந்தது.

"அண்ணா, மேல இருந்து வாறதெல்லாம் அதுக்குப் பருந்துதான். கீழ கூடி கை வைக்கணும்" என்றாள் ரெனிஷா, ஏசாமல்.

பழுத்த குலையையும் அப்படித்தான் எடுக்கவேண்டும். மேலே பிடித்துத் தூக்கினால் பழம் உதிரும். அடியில் கை கொடுத்தால் ஒன்றும் ஆகாது. சந்தைக்கு வருகிற புது ஆளை நான் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். இவள் எந்தச் சந்தையில் படித்தாள் என்று யோசித்தேன். அனில்குமார் மறுநாள் வரவில்லை.

அடுத்து ஜான்ரோஸ் சார், ரிட்டயரான வாத்தியார். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த தாள் ஒரு கட்டு கொண்டுவந்து, அதில் உள்ளதை எல்லாம் ரெனிஷாவுக்கே வாசித்துக் காட்டினார். எத்தனை டிகிரி சூடு, எத்தனை மணி நேரம் வெளிச்சம், எல்லாம் சரியாக இருந்தது.

"கையில எடுங்க சார்."

"அதெல்லாம் பைய எடுக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்லியே" என்று இரண்டு நாள் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் பூச்சி வாளியைத் திறந்து காட்டினாள். சார் எட்டிப் பார்த்தார். "இது வீட்டுக்குள்ளயா இருக்கணும்?" என்றார். ஆமாம் என்றாள். தாள் கட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு அவரும் போனார். போனிலும் ஐந்தாறு பேர் கேட்டார்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்றான் ஒருத்தன். இன்னும் ஏழு வருஷம்போல இருக்கும் என்று ரெனிஷா சொன்னதும், "இதா? ஏழு வருஷமா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஆனால் செவ்வாய்க்கிழமையே சுபிதா வந்திருந்தாள். அவள் வந்தது ஓணானுக்காக அல்ல. ரெனிஷா அயர்லாந்துக்குக் கொண்டுபோகத் தைக்கக் கொடுத்திருந்த துணியைக் கொடுக்க. இருபத்தைந்து வயது இருக்கும். மாப்பிள்ளை மஸ்கட்டில். பிள்ளை இல்லை. தபால் ஆபீசுக்குப் பக்கத்தில் வீட்டிலேயே தையல். துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பெட்டிக்கு முன்னால் நின்றாள். ஒரு கை வயிற்றின்மேல் சேலையை இழுத்துப் பொத்தியிருந்தது. அவளுக்கும் அதே தொப்புள் பயம்தான்.

"இத நான் கொண்டு போவட்டா அக்கா?"

"பயம் இல்லியா?" என்றாள் ரெனிஷா.

"பயமாட்டுத்தான் இருக்கு."

அதுவரை கேட்டவர்கள் எல்லாரும் எனக்கென்ன பயம் என்றவர்கள். பிறகு சுபிதா ஒன்றே ஒன்று கேட்டாள். "கரண்டு போனா?"

ரெனிஷாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். விளக்கு இல்லாவிட்டால் அதற்குச் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. இங்கே ஒரு மழை பெய்தால் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்டு இருக்காது. தாள் கட்டோடு வந்த சார் இதைக் கேட்கவில்லை. "குப்பியில சுடுவெள்ளம் நிறைச்சு, துணி சுத்தி, பக்கத்துல வைக்கணும்" என்றாள் ரெனிஷா.

"தையல் மெஷினுக்கு இன்வெர்ட்டர் வச்சிருக்கேன். அதுல இந்த விளக்க போட்டா மெஷின் ஓட்ட முடியாது" என்று சுபிதா சத்தமாக யோசித்தாள். "மழைக்கு ரெண்டு நாளு தைக்காண்டாம். அவ்வளவுதானே."

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருத்தி தன் தொழிலை நிறுத்தி ஓணானுக்கு வெளிச்சம் கொடுப்பேன் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும். "ஒனக்கு இது என்னத்துக்கு?" என்று நேராகவே கேட்டேன்.

"வீட்டுல விடிஞ்சா அடைஞ்சா மெஷின் சத்தம் மாமா. வாறவ எல்லாரும் முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு நிப்பா. இது ஒண்ணும் கேக்காதில்லியா."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலை நான் அதிகம் நம்புவதில்லை.

மறுநாள் கையில் எடுக்கும் முறை. சுபிதா கையை மேலே கொண்டுபோகவில்லை. பெட்டியின் தரையில் உள்ளங்கையை மலர்த்தி வைத்தாள். கங்காணி பார்த்தது. அவளும் பார்த்தாள். நான் வெற்றிலை போட்டு மென்று, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். அப்போதும் அதே நிலை. கால் மணி நேரத்துக்குப் பிறகு ஓணான் கல்லிலிருந்து இறங்கி, ஒரு காலை அவள் விரல்மேல் வைத்தது. பிறகு அடுத்த காலை. பிறகு வயிற்றோடு ஏறி அவள் கையில் பரத்திப் படுத்துக்கொண்டது. படுத்தபடியே முன்கை ஒன்றைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டு, கீழே வைத்தது.

"கும்பிடுகா?" என்றாள் சுபிதா.

"நான் சின்னவன், ஒன்னய ஒண்ணும் செய்யமாட்டேன்னு சொல்லுகு" என்றாள் ரெனிஷா.

மனுஷனில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லத் தெரியும்? எனக்குத் தெரியாது. என்னிடமும் யாரும் சொன்னதில்லை.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமையே செய்யத் தொடங்கிவிட்டேன். ரெனிஷா பின்பக்கம் பூச்சி வாளிக்குப் போகும் நேரத்தில், மடியிலிருந்து ஒரு மட்டிப்பழத்தை எடுத்து உரித்து, கிள்ளிப் பெட்டிக்குள் நீட்டினேன். கல்மேல் ராசா மாதிரி இருந்த சீவன் ஓடி வந்தது. அது ஓடும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நாக்கை நீட்டி ஒட்டி எடுத்துத் தின்றது. உதட்டில் ஒட்டியதைத் துண்டின் நுனியால் துடைத்துவிட்டேன், நின்று தந்தது. புதனும் கொடுத்தேன். வியாழனும். மூன்றாம் நாள் என் காலடிச் சத்தத்துக்கே கல்லை விட்டு இறங்கி நின்றது. தாளில் எழுதி ஒட்டியவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போனபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. கங்காணி கல்மேல் இல்லை. மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது. கழுத்து கறுத்திருந்தது. பெட்டி முழுக்கத் தண்ணீராகப் பேதி. பூச்சியை மூக்குக்கு நேரே வைத்தும் திரும்பவில்லை. இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு ஆடு மாடு தெரியும், ஓணான் தெரியாது. ரெனிஷா திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்டாள். புதிதாக ஏதோ தின்றிருக்கிறது, என்ன என்று பாருங்கள் என்றாராம்.

சுபிதா வந்து நின்றாள். முந்தின நாள் ரெனிஷா பாங்குக்குப் போன ஒரு மணி நேரம் சுபிதாதான் தனியாக இருந்தாள்.

"நேத்து என்னத்த குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல்ல அக்கா. நீங்க அரிஞ்சு வச்ச கீரைதான்."

"சும்மா இருந்த சீவனுக்கு இப்பிடி வருமா? சொன்னாத்தானே மருந்து குடுக்க முடியும். என்ன குடுத்தேன்னு சொல்லு."

"சத்தியமாட்டு ஒண்ணும் குடுக்கல்ல."

"நாளைக்கு வராண்டாம்" என்றாள் ரெனிஷா. பிறகு ராகேலைப் பார்த்து, "ஏஜண்டுக்க நம்பர எடு அம்மா. நான் போகல்லேன்னு சொல்லிருகேன்" என்றாள். ராகேல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் நாற்காலியில் இருந்தேன். மடியில் அன்றைய பழம் இருந்தது. பொய் சொல்கிறவனை வாய் திறக்கும் முன் கண்டுபிடிக்கிறவன், அன்று என் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பழத்தை ஆட்டுக்குப் போட்டேன். நாற்பது வருஷத்தில் நான் விற்ற ஒரு பழத்துக்கும் யாரும் குறை சொன்னதில்லை. இதற்கு வாய் இருந்தும் குறை சொல்லத் தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் போனேன். நான் உட்காரும் முன் சுபிதா வந்தாள்.

"வராண்டாம்னு சொன்னேனே" என்றாள் ரெனிஷா.

"ஏழு நாளு வரணும்னு முதல்ல சொன்னிய. இன்னைக்கு அஞ்சாம் நாளு."

ரெனிஷா பதில் சொல்வதற்குள் சுபிதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அடுப்பில் வெள்ளம் சூடாக்கி, கைமுட்டில் தொட்டுப் பார்த்து, சின்ன பேசினில் எடுத்துவந்தாள். உள்ளங்கையை மலர்த்தி, அடியில் கை கொடுத்து, கங்காணியைத் தூக்கி வெள்ளத்தில் வயிறு படும்படி வைத்தாள். ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பெட்டியில் கிடந்த நாற்றத்தை எல்லாம் துணியால் வாரினாள். முகத்தைச் சுளிக்கவில்லை. சுளிக்காதது காட்டுவதற்காக அல்ல. அவள் எங்களைப் பார்க்கவே இல்லை.

"மட்டிப்பழம் குடுத்தது நாந்தாம்" என்றேன்.

ரெனிஷா திரும்பினாள். "என்னது?"

"ஒரு நாளைக்கு அரைப்பழம். மூணு நாளு."

"சுவத்துல எழுதிப் போட்டிருக்கு மாமா!"

"வாசிச்சேன்."

"பின்னே?"

"நம்பல்ல."

அடுக்களையிலிருந்து ராகேல் சிரித்தாள். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "மனுசன பாத்து சொல்லுகதுக்குக் கூட்டிட்டு வந்தியே மக்களே, நல்ல ஆள கூட்டிட்டு வந்த!"

ரெனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்திருந்தது. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவள் சுபிதாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, "நேத்து நான் சொன்னத மனசுல வைக்காண்டாம்" என்றாள்.

"நான் அத வச்சுட்டு என்ன செய்ய" என்றாள் சுபிதா. "வெள்ளம் ஆறுகு. கொஞ்சம் சுடுவெள்ளம் ஊத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை அது கண் திறந்து கிடந்தது. திங்கட்கிழமை, ஏழாம் நாள், கல்மேல் ஏறி இருந்து, சுபிதா நீட்டிய செம்பரத்திப் பூவை ஒரே கவ்வாகக் கவ்வியது. பூ பாதி வெளியே தொங்க, எங்களை எல்லாம் மேற்பார்வை பார்த்தது. ரெனிஷா என் பக்கம் திரும்பினாள்.

"உங்கள பாத்து சொல்லத்தானே கூப்பிட்டேன். சொல்லுங்க."

"இவளுக்குக் குடு" என்றேன். "ஏசின வீட்டுக்கு மறுநாளும் வந்து பீ வாருனவ. இதுக்கு மேல ஒருத்திய நீ அயர்லாந்துல தேடினாலும் கிடைக்கமாட்டா."

"அண்ணே, நீங்களே வளத்தலாம் இல்லியா?" என்றாள் ராகேல், சிரிப்பு மாறாமல். "உங்க காலு சத்தத்துக்கு ஓடி வருகே."

அதை நான் யோசிக்காமல் இல்லை. மூன்று ராத்திரி அதைத்தான் யோசித்தேன். மேலே ஓலை மாற்றின அறை ஒன்று சும்மா கிடக்கிறது. எனக்கு வேறு வேலை இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்காத முருங்கை நிற்கிறது. ஆனால் சொன்னதைக் கேட்காதவன் அதை வளர்க்கக் கூடாது. வாய் பேசாத சீவன் வைத்திருக்கிறவன், அதைத் தெரிந்தவர் எழுதிப் போட்டதையாவது கேட்கவேண்டும். எழுபத்திரண்டு வயதில் அந்தக் குணம் எனக்கு இனிமேல் வராது.

"அது இன்னும் ஏழு வருஷம் இருக்கும்" என்றேன் ராகேலிடம். "நான் இருப்பேன்னு ஆரு எழுதித் தந்தா?"

செவ்வாய்க்கிழமை காலை ஒரு மினி லாரியில் பெட்டியை ஏற்றினோம். விளக்கு, கல், பூச்சி வாளி, சுவரில் இருந்து கிழியாமல் எடுத்த தாள், பெயர் மாற்றி எழுதிய பதிவுக் காகிதம் எல்லாம் போயிற்று. கங்காணி மட்டும் வண்டியில் ஏறவில்லை. ரெனிஷா அதைத் தோளில் வைத்து, துண்டால் மூடி, தபால் ஆபீஸ் வரைக்கும் நடந்தே கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன்.

சுபிதாவின் வீட்டில் தையல் மெஷினுக்கு எதிரே, ஜன்னல் வெயில் நேரே படாத இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தார்கள். சுபிதா விளக்கைப் போட்டாள். ரெனிஷா கங்காணியைக் கல்மேல் இறக்கினாள். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். "நாளைக்கு ஃபிளைட்டு" என்று சுபிதாவிடம் சொன்னாள், அவளுக்குத் தெரியாதது மாதிரி.

"தெனமும் ஒரு படம் அனுப்புகேன் அக்கா."

"தின்னாம இருந்தா அன்னைக்குக் கட்டாயம் அனுப்பணும். நல்லா இருக்க படம் மட்டும் அனுப்பாண்டாம்."

நான் புறப்பட வாசலுக்குத் திரும்பினேன். கங்காணி என் பக்கம் தலையைச் சாய்த்தது. முன்கையைத் தூக்கி, மெதுவாக ஒரு வட்டம் போட்டு, கீழே வைத்தது.

"மாமா! பாத்தியளா? உங்களுக்கு டாட்டா காட்டுகு" என்றாள் ரெனிஷா. சுபிதாவும் கைகொட்டினாள். "உங்கள ஓர்மை இருக்கு மாமா அதுக்கு."

"பழத்த ஓர்மை இருக்கும்" என்றேன்.

"இல்ல மாமா, உங்களத்தான் பாக்கு!"

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. ஆனாலும் ஒரு ஓணானுக்கு ஒரு மனுஷனைத் தெரியும் என்பதை நான் எப்படி ஒத்துக்கொள்வது? புது விளக்கடியில் சூடு கூடியிருக்கும், கையைத் தூக்கியிருக்கும். அவ்வளவுதான் இருக்கும்.

"விளக்க கொஞ்சம் மேல ஏத்தி வை, சூடு கூடுதல்" என்று சுபிதாவிடம் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டேன். வேட்டியைத் தொப்புளுக்கு மேலே நன்றாக ஏற்றிக் கட்டிக்கொண்டு ஜங்ஷனைப் பார்த்து நடந்தேன்.